இடது பாதி

ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் "வருவீங்களா" என்று கேட்காத ஒரே ஒருவரைத்தான் இந்தப் பெங்களூரில் நான் பார்த்திருக்கிறேன். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருந்த அக்கா. நேராகப் போய்ப் பின்சீட்டில் உட்காருவார். மடியில் பையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "எல்லி ஹோகபேக்கு மேடம்?" என்று எங்கே போகணும் என்பதைத் தானாகவே கன்னடத்தில் கேட்டாக வேண்டும். அக்கா இடத்தைச் சொல்வார். அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று அவர் சொன்னால் அக்கா சண்டையும் போடமாட்டார், இறங்கவும் மாட்டார். இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். கடைசியில் ஆட்டோ கிளம்பிவிடும்.

நான் ராணிப்பேட்டைக்காரி. வாய் விட்டுக் கேட்டு வாங்கியே பழகியவள். கொத்தமல்லி கொசுறு கேட்காமல் காய் வாங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆபீஸில் ஷிப்டு மாற்றிக் கேட்பேன், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கேட்பேன், மாடியேறிப் போய் அக்காவிடம் தயிருக்கு உறை கேட்பேன். அவர் எங்கள் வாசலில் வந்து நின்று ஒரு தீக்குச்சி கேட்டதில்லை. ஒருநாள் காஸ் தீர்ந்துபோய், வெறும் பன்னைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறார். மறுநாள் தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா, கீழ நாங்க குத்துக்கல்லாட்டம் எதுக்கு இருக்கோம்? கேட்டா என்ன கொறஞ்சிடுவீங்க?" என்று மாடிப்படியில் நின்று கத்தினேன்.

அவர் தையல் மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை. "கேட்டா இல்லன்னு சொல்லிடுவாங்கம்மா. கேக்கலன்னா எப்படிச் சொல்வாங்க?" என்றார்.

இப்போது நாங்கள் வேறு பக்கம் குடிபோய்விட்டோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்த எரிச்சல் குறையவில்லை.

அவர் தைத்தது கல்யாணக் கவுன்கள். கண்டோன்மென்ட் பக்கத்துச் சர்ச்சுகளில் கல்யாணம் என்றால் பெண்வீட்டார் அவரைத் தேடி வருவார்கள். வெள்ளை சாட்டின், லேஸ், கையால் கோத்த முத்து. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது மோட்டார் சைக்கிளில். ஸ்கூட்டி கீட்டி இல்லை. மைசூரில் தயாராகிக்கொண்டிருந்த அந்தக் காலத்து டூ-ஸ்ட்ரோக் வண்டி. கருஞ்சிவப்பு டேங்க், இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர். உதைக்கிற லீவரை முன்பக்கம் மடித்தால் அதுவே கியர். தன் இருபது வயதுகளில் யாரிடமோ பழைய வண்டியாக வாங்கி, தானே விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாராம். கவுனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முதுகில் குறுக்கே கட்டிக்கொண்டு, தெருவெல்லாம் நீலப் புகை விட்டபடி டப்டப்பென்று அவர் போகிற அழகைப் பார்க்க, நான் பல் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கு ஓடி வருவேன். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஒரு குஷி வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் வண்டி நின்றுவிட்டது. மேட்டில் அவர் தனியாகத் தள்ளிக்கொண்டு வருகிறார். முதுகில் கவுன், முகமெல்லாம் வேர்வை. பக்கத்துக் கட்டைச் சுவரில் நாலு பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை போதும். இவர் வாயைத் திறக்கவில்லை. எதிரே வந்த நான்தான், "தம்பிங்களா, ஒரு கை குடுங்கப்பா" என்றேன். விழுந்தடித்து ஓடி வந்தார்கள். வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு அக்கா கேக் வெட்டிக் கொடுத்தார், சர்பத் கலக்கிக் கொடுத்தார், இன்னொரு துண்டு சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார். கொடுப்பதில் கை நீளம்தான். கேட்பதற்குத்தான் வாய் கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷி, கடையில் கிடைக்காத சாமானைத் தேடி அலைய வேண்டி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பானஸ்வாடி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது வண்டிச் செயின் அறுந்து, சுருண்டு, என்ஜினின் இடதுபக்கக் கூட்டை உடைத்துவிட்டது. அக்கா துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். எனக்குக் காட்டி விளக்கினார். என்ஜினின் வெளிக்கூடு இரண்டு அலுமினியப் பாதிகள். வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒன்றோடு ஒன்று மூடிக்கொள்ளும். கம்பெனியில் இரண்டையும் சேர்த்துப் பூட்டித்தான் உள்ளே துளை போட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு கூட்டின் இடது பாதி இன்னொரு கூட்டின் வலது பாதியோடு சேராது. எது எதன் ஜோடி என்று தெரிவதற்காக இரண்டின் அடியிலும் ஒரே எண்ணைக் குத்தியிருப்பார்கள்.

"அப்ப உங்ககிட்ட இருக்கிற வலது பாதி?"

"அதுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஒண்டிக்கட்ட ஆயிடுச்சு," என்றார் அக்கா.

அந்த ஒண்டிக்கட்டையை அவர் பிரஷ் போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, தையல் மெஷின் பக்கத்தில் வைத்தார். தினமும் துடைத்தார். கம்பெனி அந்தக் கூட்டைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலம். ஜோடியாக ஒன்று கிடைத்தால்தான் வண்டி. கவுன்கள் ஆட்டோவில் கசங்கின. ஒயிட்ஃபீல்டு பக்கத்து ஆர்டர்களை அவர் விட்டுவிட்டார். "வண்டி இல்லாம நான் யாரோ மாதிரி இருக்கேம்மா," என்று ஒருநாள் சொன்னார்.

தேடல் ஆரம்பித்தது. கூடவே நானும். ஜே.சி. ரோட்டில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அக்கா போய் நின்றார். கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். "நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் சும்மா பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். வருகிறவர் போகிறவரெல்லாம் அக்காவைப் பார்க்கிறார்கள். எனக்குக் கால் கடுக்கிறது, மானம் போகிறது. கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்ன வண்டிம்மா? அதையாச்சும் சொல்லுங்க," என்றார். வண்டியைச் சொன்னதும் மனிதர் தானாகவே ஏணி போட்டுப் பரணில் ஏறி, கிளட்சுக்குப் போடும் கார்க் தட்டுகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். பேப்பர்கூடப் பிரிக்காதது. அதற்காக அக்கா மூன்று வருஷம் அலைந்திருந்தாராம். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். பார்த்தியா என்கிற சிரிப்பு.

ஆனால் எல்லா இடத்திலும் ஏணி வருமா?

ஞாயிற்றுக்கிழமை பஜாரில் ஒரு பாய் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துப் குஜரி, அதாவது பழைய காயலான் சாமான் விற்பார். அக்கா மட்டும் போயிருந்தார். குவியலில் இடது பாதி ஒன்று கிடந்திருக்கிறது. கீறல்கூட இல்லை. அடியில் 614. வேறு யாராவது கை வைப்பதற்குள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாய் சொன்னதைக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். படியேறும்போதே, "இங்க வந்து பாரும்மா, கெடச்சிடுச்சு," என்று சந்தோஷத்தில் கூப்பிட்டார்.

"இதோட வலது பாதி எங்கக்கா?" என்றேன்.

அக்கா கையிலிருந்ததைத் திருப்பி எண்ணைப் பார்த்தார்.

"பாய்கிட்ட கேட்டீங்களா?"

கேட்டிருக்கவில்லை. அடுத்த ஞாயிறு நானே அவரை இழுத்துக்கொண்டு போனேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அரே, ரெண்டும் ஒரே என்ஜின்தான்மா. வலது பக்கம் அப்பத்தான் ஒரு ஆளு எடுத்தான். அவனுக்கும் அவசரம், இன்னொண்ணு எங்கன்னு பாக்கல. நீங்க வந்தப்ப அதோ, அந்த டீக்கடையில நின்னு டீ குடிச்சிட்டிருந்தான். ஒரு வார்த்த கேட்டிருந்தா கைய காட்டியிருப்பேனே."

டீக்கடை பத்தடி தூரம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அக்காவோடு பேசவில்லை. பேசினால் ஏதாவது கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

மைசூர் வண்டிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அக்காவின் போனிலிருந்து அதில் என்னையும் நானே சேர்த்துவிட்டேன். மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு மத்தியானம், ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், படம் வருகிறது. கண்ணாடி அலமாரிக்குள் ஒரு வலது பாதி, மேலே குங்குமப்பொட்டு. பக்கத்திலேயே அடிப்பாகத்தின் படம். 614. கீழே, 'இதோட ஜோடி யார்கிட்ட இருக்கு ஃப்ரெண்ட்ஸ்?' என்று கேள்வி. தட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அறுநூத்திப் பதினாலு," என்றேன். அந்தப் பக்கம் மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது.

படம் போட்டவர் பஜாரில் டீ குடித்த அதே ஆள்தான், பெங்களூரிலேயே நீலசந்திராவில் இருந்தார். வீடுகளுக்கு ஒயரிங் எடுத்துச் செய்கிறவர், சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். அவருடைய வண்டிக்கு வலதுபக்கம் உடைந்திருந்தது. அவரும் எங்களைப் போலவே ஒண்டிக்கட்டை. நானும் அக்காவும் அவர் வீட்டுக்குப் போனோம். மனிதர் என் ரகம், வந்தவர்களை உட்கார வைத்த கையோடு கேட்டுவிட்டார்.

"சிஸ்டர், அந்த இடது பாதிய எனக்குக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

அக்கா சிரித்தார். ஒயரிங் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு துடித்தது. நாங்களும் அதற்குத்தானே வந்தோம்? முழங்கையால் இடித்தேன். அக்கா எழுந்து, "நேரமாச்சு, வரோம்ணா," என்று கிளம்பிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் நான் பொங்கிவிட்டேன். "நீங்க வாயத் தொறக்கலன்னா நான் போய்க் கேக்கறேன்."

"நீ கேட்டா அது நான் கேட்டதுதான். அப்புறம் உன்கூடப் பேசமாட்டேன்," என்றார். சொன்னால் செய்கிறவர். அடங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு நீலசந்திராக்காரர் ஜீவனஹள்ளிக்கு வருவார், கேட்பார், கேக் சாப்பிட்டுவிட்டுப் போவார். அக்கா கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் எடுத்துக்கொண்டு நீலசந்திரா போவார், அலமாரியைப் பார்ப்பார், வருவார். இரண்டு பாதியும் இரண்டு வீட்டில் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ஒரு வண்டியும் ஓடவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை குழுவில் நீலசந்திராக்காரருடைய செய்தி. முழங்கால் போய்விட்டது, இனி கிக்கர் உதைக்க முடியாது, வண்டி, என்ஜின் பாதி எல்லாவற்றையும் சேர்த்து ஓசூரில் ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, நாளைக் காலை ஏற்றிப்போகிறார்கள். மாடிக்கு ஓடினேன். அக்கா ஏற்கனவே படித்திருந்தார். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு விட்டா அவ்ளோதான்க்கா. கேப்பீங்களா மாட்டீங்களா?"

"காலைல ரெடியா இரு," என்றார்.

அவர் ஞாயிறு ஆராதனையை விட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு விட்டார். கவுன் தைத்து மீந்த சாட்டின் துணியில் இடது பாதியைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார். நீலசந்திராவில் நாங்கள் இறங்கும்போது குட்டியானை வண்டி வாசலில் நிற்கிறது. மேலே என்ஜின் இல்லாத மோட்டார் சைக்கிள், டிரைவர் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். ஓசூர்க்காரர் சின்ன வயசுப் பிள்ளை. அவர் காலடியில் அட்டைப்பெட்டி, அதற்குள் குங்குமத்தோடு வலது பாதி. பெட்டியை மேலே ஏற்றினால் தீர்ந்தது கதை.

"வாங்க சிஸ்டர்," என்றார் நீலசந்திராக்காரர். முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் எத்தன தடவ கேட்டிருப்பேன். எனக்கும் வேணும்ணான்னு நீங்க ஒரு தடவ சொன்னீங்களா? சரி, இவங்களுக்கு அக்கறை இல்லபோலன்னு விட்டுட்டேன்."

அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அண்ணா," என்றார். "கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?"

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொம்பு வந்தது. முழுக்கக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வலது பாதி எனக்கு வேணும்ணா. குடுப்பீங்களா?"

கயிறு கட்டிக்கொண்டிருந்த டிரைவர்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார். நீலசந்திராக்காரர் தரையைப் பார்த்தார்.

"இல்ல சிஸ்டர். அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். வண்டியோட வந்து நிக்கிறாரு. இப்ப எப்படி மாத்திப் பேசறது?"

வந்துவிட்டது, அந்த 'இல்லை'. இத்தனை வருஷமாக அவர் எதற்குப் பயந்தாரோ அது. எங்கே கையிலிருப்பதைப் போட்டுவிடுவாரோ என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா என் காதோரம் குனிந்து, "இல்லன்னுட்டாரும்மா," என்றார். அந்தக் குரலில் அழுகை இல்லை. ஊசி போட்டு முடித்த பிறகு, அவ்வளவுதானா என்று கேட்கிற குழந்தையின் குரல்.

உடனே ஓசூர்க்காரர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இத வெச்சு நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"ஹோட்டல் தொறக்கறேன்க்கா. வண்டி வாசல்ல நிக்கும். இத கல்லாவுக்குப் பின்னாடி சுவத்துல மாட்டப்போறேன்."

"ஓட்டறதுக்கு இல்லியா?"

"எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும்க்கா."

"அப்ப நம்பர் எதுவா இருந்தாலும் பரவால்லியா?"

"எந்த நம்பர்?" என்றார் அந்தப் பிள்ளை.

நானும் நீலசந்திராக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இதை நாங்கள் யாருமே கேட்கவில்லையே. கேட்டுக் கேட்டே வளர்ந்த நானும் கேட்கவில்லை.

"இதே வலது பாதி, வேற நம்பர், எங்கிட்ட ஒண்ணு இருக்கு. தெனமும் பாலிஷ் போட்டு வெச்சிருக்கேன், மொகம் பாத்துத் தல வாரிக்கலாம். மாத்திக்கறீங்களா?"

"தாராளமாக்கா. ஆனா சீக்கிரம் கெளம்பணும்."

அதற்குப் பிறகு அக்கா கேட்ட கேள்விகளை என்னால் எண்ண முடியாது. அணை உடைந்துவிட்டது. நீலசந்திராக்காரரிடம் ஸ்கூட்டர் கேட்டார். பக்கத்து வீட்டம்மாவிடம் ஹெல்மெட் கேட்டார். டிரைவரிடம் அரைமணி நேரம் நிற்க முடியுமா என்று கேட்டார். பின்னால் நான் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, நீலசந்திராவிலிருந்து ஜீவனஹள்ளிவரை வழியில் கண்ட அத்தனை பேரிடமும், "கொஞ்சம் வழி விடறீங்களா, கொஞ்சம் நகர்றீங்களா," என்று தமிழிலும் கன்னடத்திலும் கேட்டுக்கொண்டே பறந்தார். பயத்தில் நான் முருகனைக் கூப்பிட்டேன். சந்தோஷத்திலும் அவரையேதான் கூப்பிட்டேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிய, பாலிஷ் போட்ட பாதியைப் பார்த்ததும் ஓசூர்க்காரருக்கு வாயெல்லாம் பல். நீலசந்திராக்காரர் அட்டைப்பெட்டியிலிருந்து தன் பாதியை எடுத்து, அக்காவின் சாட்டின் துணியை வாசலில் விரித்து, இரண்டையும் சேர்த்து வைத்தார். டக்கென்று ஒரு சத்தம். இடையில் நூல் நுழைய இடமில்லை. அடியில் 614, பக்கத்திலேயே 614. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களாண்ணா?" என்றார் அக்கா.

"சேச்சே. அன்னிக்கும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம்.

மெக்கானிக்கிடம் அக்கா தினமும் போய், ஆச்சா ஆச்சா என்று கேட்டார். என்ஜின் எண் மாறியதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டார். எங்கள் வீட்டில் வந்து சர்க்கரை கேட்டார், வெங்காயம் கேட்டார், என் நல்ல குடையைக் கேட்டு வாங்கிப்போய்த் தொலைத்தார்.

வண்டி வந்த மறுநாள் காலை. நான் வழக்கம்போல் பிரஷ்ஷும் வாயுமாகக் கேட்டில் நிற்கிறேன். முதுகில் கவுனைக் கட்டிக்கொண்டு அக்கா உதைக்கிறார். ஒரு உதை, இரண்டு உதை. என்ஜின் இருமிவிட்டு அடங்கியது. அக்கா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"யாராச்சும் வந்து தள்ளி விடுங்களேன்பா," என்று உரக்கக் கூப்பிட்டார்.

பால்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். இஸ்திரிக்காரர் வந்தார். என் புருஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நாலடி தள்ளியதும் டப்டப்பென்று பிடித்துக்கொண்டது. தெரு பூராவும் நீலப் புகை. கொஞ்ச தூரம் போன அக்கா என்ன நினைத்தாரோ, பிரேக் போட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, இது ரொம்ப நீளக் கவுனு. பின்னாடி உக்காந்து புடிச்சிக்கறியா?"

நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். இல்லை என்று சொல்ல முடியுமா? வாய் நிறையப் பேஸ்ட்.